போர்க்கால டபிள்யூஎல்ஏ மோட்டார் சைக்கிளின் எண்ணைச் சரிபார்ப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் பயன்படுத்திய ஹார்லி-டேவிட்சன் டபிள்யூஎல்ஏ வண்டியை வாங்குமுன், எஞ்சினின் இடப்பக்கம் பொறித்துள்ள எண்ணை முதலில் படியுங்கள். அது '42டபிள்யூஎல்ஏ' என்று தொடங்குவதால் மட்டும் வண்டி 1942-இல் உருவானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. போர் முடியும்வரை உருவான வண்டிகளும் அதே முன்னொட்டையே தாங்கின. 1970-க்கு முன் ஹார்லி நிறுவனம் ஃபிரேமில் பதிவு எண் பொறிக்கவில்லை என்பதால், 'ஃபிரேம் எண்ணும் பொருந்துகிறது' என்று ஒருவர் உறுதியளித்தால் ஐயம் கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் நம்பகமான சோதனை எஞ்சினின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது: டார்ச் வெளிச்சத்தில், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, கிராங்க்கேஸின் (எஞ்சினின் கீழ்ப்பகுதியை மூடும் உலோக உறையின்) இரு பாதிகளிலும் உள்ள எண்கள் ஒன்றுதானா என்று பாருங்கள். எஞ்சின் எண்ணைச் சுற்றி வார்ப்பின் சொரசொரப்பு மறைந்து, அரம் தேய்த்த கோடுகள் தெரிந்தால், பழைய எண் அழிக்கப்பட்டிருக்கக்கூடும். டேங்க்கின் மேலுள்ள தகவல் தகடு புதிதாகவும் கிடைப்பதால், அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.