ஸ்லோ குக்கரில் கைமா மக்ரோனி: டர்பன் வீட்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துத் தமிழ் வீடுகளில் மக்ரோனி என்றால் அது தக்காளியும் சீஸும் மட்டும் போட்டதாக இருப்பது அரிது. கைமா, பட்டாணி, கொஞ்சம் மிளகாய் மசாலா, ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவை எப்படியும் உள்ளே வந்துவிடும். இதை ஸ்லோ குக்கரில் செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வேலைக்குப் புறப்படும் முன் அரைமணி நேரமும், மாலை வீடு திரும்பிய பின் முக்கால் மணி நேரமும் கிடைத்தால் 6 பேர் வயிறாரச் சாப்பிடலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். குழம்புக்கு வேண்டிய நேரம் வேறு, பாஸ்தாவுக்கு வேண்டிய நேரம் வேறு. குழம்பு 8 மணி நேரம் கிடந்தால் சுவை கூடும். பாஸ்தா அரைமணிக்கு மேல் கிடந்தால் குழைந்து கூழாகிவிடும். இரண்டையும் காலையிலேயே ஒன்றாகக் கொட்டி மூடிவிட்டுப் போகிறவர்கள்தான், மாலையில் அதைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, ஸ்லோ குக்கரில் பாஸ்தா சரிவராது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அளவுகள் தாமாகவே பிடிபடும். தடித்த பீங்கான் சட்டியைச் சுற்றி மெல்லிய சூட்டைத் தருவதுதான் ஸ்லோ குக்கரின் வேலை. லோ, ஹை என்று இரண்டு நிலைகள் இருந்தாலும், பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் எட்டுகின்றன. எவ்வளவு சீக்கிரம் எட்டுகின்றன என்பதில்தான் வேறுபாடு. ஹை நிலையில் 4 மணி நேரத்தில் ஆவது லோ நிலையில் ஆவதற்கு 7 முதல் 8 மணி நேரம் வேண்டும். மூடி ஆவியை வெளியே விடாததால், அடுப்பில் வைத்த குழம்பு போல இது தானாகச் சுண்டாது. ஆகவே தண்ணீரைக் குறைத்தே ஊற்ற வேண்டும். சூடு 100 டிகிரியைத் தாண்டாததால் உள்ளே எதுவும் சிவந்து பொரியவும் செய்யாது. வெங்காயத்தையும் கைமாவையும் மசாலாவையும் வாணலியில் வதக்காமல் நேரே சட்டியில் போட்டால், எத்தனை மணி நேரம் ஆனாலும் பச்சை வாசனை போகாது. எல்லாவற்றையும் அப்படியே கொட்டினால் போதும் என்று குக்கர் விற்கும் பெட்டியின்மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

6 லிட்டர் குக்கருக்கு வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஆட்டுக் கைமா 600 கிராம். கோழிக் கைமாவும் ஆகும், ஆனால் சுவை சற்று மெலிந்திருக்கும். பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல், கட்டைவிரல் நீள இஞ்சி, துருவிய கேரட் 2. நறுக்கிய தக்காளி 400 கிராம் டின் 2, தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி. மிளகாய் மசாலா 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, ஒரு துண்டுப் பட்டை, ஒரு பிரிஞ்சி இலை, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, டின் தக்காளியின் புளிப்பை அடக்க ஒரு தேக்கரண்டி சர்க்கரை. மாலை வேலைக்கு 400 கிராம் மக்ரோனி, ஒரு கோப்பை உறைந்த பட்டாணி, துருவிய செடார் சீஸ் 150 கிராம். நம் ஊர்க் கடைகளில் நிறுத்து வாங்கும் மசாலாக்களின் காரம் கடைக்குக் கடை மாறும். மாமியார் மசாலா என்று பெயர் வைத்து விற்பதைக் குழந்தைகள் சாப்பிடும் சட்டியில் 2 தேக்கரண்டி போட்டுவிடாதீர்கள். காரம் வேண்டிய பெரியவர்களுக்குப் பச்சை மிளகாய் ஊறுகாய் மேசைமேல் இருக்கட்டும்.

காலை வேலை இப்படி. வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் சோம்பு, பட்டை, பிரிஞ்சி இலையைப் போட்டு, சோம்பு பொரிந்தவுடன் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சேர்த்து, ஓரங்கள் பொன்னிறமாகும் வரை வதக்க வேண்டும். தட்டிய இஞ்சி பூண்டு அடுத்து. பிறகு அடுப்பைக் கூட்டி, கைமாவைச் சேர்த்துக் கட்டியில்லாமல் உடைத்துவிட வேண்டும். முதலில் கைமா நீர் விடும். அந்த நீர் முழுவதும் வற்றி, சலசலப்பு நின்று, எண்ணெயில் பொரியும் சத்தம் கேட்கத் தொடங்கும் வரை பொறுத்திருங்கள். அதுவரை அது வெந்துகொண்டுதான் இருக்கிறது, வறுபடவில்லை. மொத்தச் சுவையும் அந்தக் கடைசி 4, 5 நிமிடத்தில் வருவது. வேலைக்கு நேரமாகிறது என்று பலரும் வெட்டிவிடுவதும் அதைத்தான். அதிகமாக மிதக்கும் கொழுப்பை வடித்துவிட்டு, மசாலாவையும் மஞ்சளையும் போட்டு அரை நிமிடம் புரட்டி, தக்காளி பேஸ்ட்டைச் சேர்த்து அதன் நிறம் செங்கல்போல் மங்கும் வரை கிளறுங்கள். ஒரு டின் தக்காளியை வாணலியிலேயே ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிட்டு, எல்லாவற்றையும் குக்கருக்கு மாற்றுங்கள். மற்றொரு டின், கேரட், உப்பு, சர்க்கரை, ஒரு கோப்பை வெந்நீர். லோ நிலை. மூடி. அவ்வளவுதான்.

காலையில் இதற்கும் நேரமில்லாதவர்கள் முந்தின இரவே வதக்கி வைக்கலாம், ஆனால் கைமாவை முழுவதும் வேகவைத்த பிறகே குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். அரைவேக்காட்டில் எடுத்து வைப்பது கிருமிகளுக்கு விருந்து வைப்பதுதான். அதையும் பீங்கான் சட்டியில் வைக்காமல் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். குளிர்ந்த பீங்கானைச் சூட்டில் ஏற்றினால் விரிசல் விடும். உறைந்த கைமாவை நேரே குக்கரில் போடுவது கூடவே கூடாது. அது சூடேற எடுத்துக்கொள்ளும் நேரம் முழுவதும் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட, கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பத்தில்தான் கிடக்கும்.

இடையில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த சூட்டை மீட்க 20, 30 நிமிடம் ஆகிவிடும். சட்டி பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேல் போகாமலும் நிரம்பியிருப்பது நல்லது.

மாலை வீட்டுக்கு வந்ததும், முகம் கழுவும் முன்பே, குக்கரை ஹை நிலைக்கு மாற்றுங்கள். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கொதிக்கக் கொதிக்க 600 மில்லி ஊற்றிக் கிளறி, மூடி 15 நிமிடம் விடுங்கள். குளிர்ந்த நீரை ஊற்றினால் சட்டியின் சூடு இறங்கி, மக்ரோனி வேகாமல் ஊற மட்டுமே செய்யும். வெளிப்புறம் வழவழவென்றும் உட்புறம் மாவாகவும் இருப்பது இதனால்தான். ஓரங்களில் குமிழி தெரிந்ததும் உலர்ந்த மக்ரோனியைப் போட்டு, குழம்பின் மட்டத்துக்குக் கீழே அமுக்கிவிட்டு மூட வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் வேகாது. 10 நிமிடம் ஆனதும் ஒரே ஒரு முறை திறந்து, அடியில் ஒட்டாமல் கிளறி, பட்டாணியையும் சேர்த்துவிடுங்கள்.

20 நிமிடம் ஆனதும் பதம் பார்க்கத் தொடங்கலாம். சோற்றுப் பருக்கையை விரலிடையில் நசுக்கிப் பார்ப்பது போலவே இதுவும்: ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிய வேண்டும். அந்த வெள்ளை பெரிதாக இருந்தால் இன்னும் 5 நிமிடம்; தெரியவே இல்லையென்றால் உடனே அணைத்துவிட வேண்டும். பீங்கான் சட்டி அணைத்த பிறகும் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்குமாதலால், மக்ரோனி சற்று விறைப்பாக இருக்கும்போதே நிறுத்துவதுதான் சரி. மக்ரோனி, பென்னே போன்ற குட்டையான, தடித்த வகைகளே இதற்கு ஏற்றவை. ஸ்பகெட்டி சட்டியில் அடங்காது. ஒடித்துப் போட்டாலும் கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். டூரம் கோதுமை என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண மாவில் செய்த மலிவான வகை குக்கரில் தாங்காது.

சீஸும் பாலாடையும் கடைசியில்தான். நெடுநேரச் சூட்டில், அதுவும் தக்காளிப் புளிப்போடு, பால் பொருள்கள் திரிந்து துகள்துகளாகிவிடும். அணைத்த பிறகு சீஸைத் தூவி, 5 நிமிடம் மூடி வைத்தால் தானாக உருகிவிடும்.

இந்த இடத்தில் என் சொந்தப் பரிந்துரை ஒன்று: தாளிப்பு. 8 மணி நேரம் வெந்த குழம்பில் மசாலாவின் ஆழம் இருக்கும், வாசனை இருக்காது. மணம் தரும் எண்ணெய்கள் அவ்வளவு நேரச் சூட்டில் பறந்துபோயிருக்கும். கறிவேப்பிலையைக் காலையில் போடுவதும் அதனால்தான் வீண். சிறு கரண்டியில் வெண்ணெய் உருக்கி, அரைத் தேக்கரண்டிக் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், கொல்லைச் செடியிலிருந்து அப்போதுதான் பறித்த ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவற்றைப் பொரித்து, சீஸ் உருகிய மக்ரோனிமேல் ஊற்றிப் பாருங்கள். இத்தாலியர் என்ன நினைப்பார்களோ தெரியாது. நம் வீட்டில் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஸ்லோ குக்கரைப் பற்றி எழுதிவிட்டு மின்வெட்டைச் சொல்லாமல் விட முடியாது. 2023இல் நாம் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த அளவுக்கு இப்போது இல்லையென்றாலும் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்வதற்கில்லை. குக்கர் வாங்கும்போது, திருகும் குமிழ் வைத்த பழைய பாணி வகையை வாங்குங்கள். மின்சாரம் திரும்பியதும் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். பொத்தானும் எண்களும் ஒளிரும் வகைகளில் பல அப்படியே அணைந்து கிடக்கும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால், குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றி எரிவாயு அடுப்பில் வேகவைத்து முடித்துவிடலாம். பீங்கான் சட்டியைத் தீயில் வைக்கக் கூடாது. முழுவதும் வெந்த பிறகு போயிருந்தால், மூடியைத் திறக்காமல் 2 மணி நேரம் வரை அப்படியே இருக்கலாம். ஆனால் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பாதியில் போய், எவ்வளவு நேரம் போயிருந்தது என்றே தெரியாவிட்டால், பார்வைக்கு வெந்ததுபோல் இருந்தாலும் கொட்டிவிடுவதே நல்லது. மனம் வராதுதான், வயிற்றுக் கோளாறு அதைவிடச் செலவு வைக்கும். மின்வெட்டு அறிவித்த நாள்களில், 2008இல் நம் நாட்டிலேயே உருவான, சூட்டை வெளியே விடாத வொண்டர்பேக் என்ற பை கைகொடுக்கும்: குழம்பை அடுப்பில் 20 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தோடு பைக்குள் வைத்துக் கட்டினால் சில மணி நேரம் தானாக வெந்துகொண்டிருக்கும். மக்ரோனி போடும் முன் மறுபடியும் அடுப்பில் கொதிக்கவைக்க வேண்டும்.

புரட்டாசி மாதத்திலும் காவடி விரத நாள்களிலும் கைமாவுக்குப் பதில் சுகர் பீன்ஸ் போடலாம். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. சுகர் பீன்ஸ் சிவப்பு ராஜ்மாவின் இனத்தைச் சேர்ந்தது. வேகாத கொட்டையில் வயிற்றைப் பிரட்டி வாந்தி எடுக்கவைக்கும் ஒரு நச்சுப்பொருள் உண்டு. கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாது என்பதோடு, 80 டிகிரி அளவில் நச்சுத்தன்மை கூடவும் கூடும். ஆகவே 300 கிராம் பீன்ஸை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, மெத்தென்று வெந்த பிறகே குக்கரில் சேர்க்க வேண்டும். பிரஷர் குக்கர் இருந்தால் வேலை சுலபம். முழுவதும் வேகாத பீன்ஸைத் தக்காளியோடு போட்டால், புளிப்பு அதை மேலும் மெத்தாகவிடாது. டின்னில் வரும் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது. 2 டின்னை வடித்துக் கழுவி அப்படியே போடலாம். விரதக்காரர்கள் பாஸ்தா பாக்கெட்டில் முட்டை சேர்ந்திருக்கிறதா என்றும், சீஸில் விலங்கு ரென்னெட் (கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்து, பாலைத் திரிக்கப் பயன்படுத்தும் பொருள்) சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சமானதைச் சட்டியோடு குளிர்ப்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். அணைத்த 2 மணி நேரத்துக்குள் தாழ்ந்த டப்பாக்களில் பிரித்து வையுங்கள். மறுநாள் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்த வேண்டாம்; அது சூடேறுவதற்குள் கெட்டுவிடும். மக்ரோனி இரவெல்லாம் குழம்பைக் குடித்து இறுகியிருக்குமாதலால், வாணலியில் 3 மேசைக்கரண்டிப் பாலோ வெந்நீரோ தெளித்து, ஆவி பறக்கும்வரை கிளறி, பிள்ளைகளின் மதிய டப்பாவில் கட்டிக்கொடுக்கலாம். மக்ரோனி சேர்க்கும் முன்பே குழம்பில் பாதியை எடுத்து உறையவைத்தால் 3 மாதம் வரை நன்றாக இருக்கும். ஆனால் அப்படி எடுக்கும் நாளில் மக்ரோனியையும் 200 கிராமாகவும் வெந்நீரை 300 மில்லியாகவும் குறைத்துவிட வேண்டும்.