பட்டறைக் கையேட்டைத் திறந்து வைத்துக் கார் வேலை பழகுவது: முதல் இரண்டு வேலைகள்

காரோடு வருகிற சிறு புத்தகமும் பட்டறைக் கையேடும் ஒன்றல்ல. சிறு புத்தகம் ஓட்டுபவருக்கானது. எந்தப் பொத்தான் எதற்கு, டயரில் காற்று எவ்வளவு என்ற அளவில் நின்றுவிடும். பட்டறைக் கையேடு மெக்கானிக்குக்கானது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்தான் படிக்கிறார் என்ற நினைப்பில், எழுதியவர் பாதி விஷயங்களைச் சொல்லாமலே விட்டிருப்பார். புதியவர் திணறுவது அந்த இடங்களில்தான்.

அவற்றில் தலையாயது ஒரு வரி. ஏறக்குறைய எல்லா வேலைகளின் முடிவிலும் அது வரும்: "கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகப் பூட்டவும்." பக்கத்தை மிச்சப்படுத்த எழுதிய வரி. துருப்பிடித்த போல்ட்டை எப்படியோ திருகி எடுத்துவிடலாம். பூட்டும்போது அது எவ்வளவு இறுக வேண்டும், எங்கே கிரீஸ் தடவலாம், எங்கே தடவக் கூடாது, எந்த வாஷரைத் தூக்கி எறிய வேண்டும் என்பதெல்லாம் 'நேர்மாறு' என்ற சொல்லுக்குள் அடங்காது. அந்த விவரங்கள் கையேட்டிலேயே வேறொரு பக்கத்தில், பெரும்பாலும் அத்தியாயத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ உள்ள அட்டவணையில் ஒளிந்திருக்கும். அந்தப் பக்கத்தைத் தேடிப் போகப் பழகிவிட்டால் பாதி வேலை கைவந்த மாதிரி.

இது உங்கள் காரின் கையேடுதானா?

ஒரே பெயரில் விற்கப்படும் சிறு காரில் மூன்று விதமான எஞ்சின், இரண்டு விதமான கியர்பாக்ஸ் இருக்கலாம். நடுவில் ஒருமுறை பிரேக்கையே மாற்றியிருப்பார்கள். ஆகவே வாங்கிய ஆண்டை மட்டும் நம்பிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியின் கீழ் மூலையிலோ, கதவுத் தூணில் உள்ள தகட்டிலோ, பதிவு ஆவணத்திலோ கிடைக்கும். அதில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. எண்களோடு குழம்பும் என்று விலக்கிவிட்டார்கள். ஓ போலத் தெரிந்தால் அது சுழியம்தான். எஞ்சின் குறியீடு எஞ்சின் பிளாக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

கையேட்டில் "இந்த எண் வரை", "இந்த எண்ணிலிருந்து" என்று ஒரே வேலைக்கு இரண்டு வழிகள் கொடுத்திருந்தால், குறித்து வைத்த எண் அங்கேதான் கைகொடுக்கும்.

அட்டவணையைப் படிப்பது

அளவு அட்டவணைகளில் இரண்டு பத்திகள் இருக்கும்: தர அளவு, எல்லை அளவு. தர அளவு புதிதாக இருந்தபோது இருந்தது. எல்லை அளவைத் தாண்டித் தேய்ந்தால் அந்தப் பாகம் குப்பைக்கு. பிரேக் டிஸ்க் புதிதில் 20 மில்லிமீட்டர், எல்லை 18 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அளந்தபோது 18.2 வருகிறது. கையேட்டின்படி தேறிவிட்டது. ஆனால் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளை இப்போது புதிதாகப் போட்டால், அவை தேய்ந்து முடிவதற்குள் அந்த 0.2 போய்விடும். நானாக இருந்தால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றிவிடுவேன்.

அடுத்தது முறுக்கு விசை, பட்டறை மொழியில் டார்க். 35 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் சுமார் மூன்றரைக் கிலோ எடை தொங்கினால் உண்டாகும் முறுக்கு என்று பொருள். கைப்பிடி கால் மீட்டர் என்றால் அதே முறுக்குக்குப் பதினான்கு கிலோ தேவை. பல கையேடுகள் இதே அளவைக் கிலோகிராம்-மீட்டரிலும் பவுண்டு-அடியிலும் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். எண்ணைப் பார்க்கும்போது பத்தியின் தலைப்பையும் பாருங்கள். 35ஐ நினைவில் வைத்துக்கொண்டு, முறுக்கு அளவைக் குறித்து இறுக்கும் டார்க் ரெஞ்சைப் பவுண்டு-அடி அளவுகோலில் திருப்பினால், போல்ட்டுக்கு 47 நியூட்டன் மீட்டருக்கு மேல் போய்ச் சேரும்.

இந்த விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை. என் முதல் ஆயில் மாற்றத்தில், ஒழுகிவிடக் கூடாதே என்று நீளக் கைப்பிடி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வடிகால் போல்ட்டை முடுக்கினேன். அடுத்த முறை கழற்றியபோது போல்ட்டோடு சேர்ந்து பளபளவென்று ஒரு மெல்லிய சுருள் வெளியே வந்தது. பென்சில் சீவினால் விழுமே, அந்த மாதிரி. எங்கிருந்தோ வந்த கம்பித்துண்டு என்று நினைத்து விரலில் எடுத்துப் பார்த்தேன். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் மரை அது. சம்ப் அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச்சுருள் ஒன்றைச் செருகித்தான் அந்தச் சம்ப்பைக் காப்பாற்ற முடிந்தது. அந்தப் போல்ட்டுக்கான எண் கையேட்டில் இல்லாமல் இல்லை. நான் திறந்து வைத்திருந்த பக்கத்திலிருந்து இரண்டே தாள் தள்ளி இருந்தது.

ஆகவே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். கைப்பிடியின் நடுவில் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். 'கிளிக்' என்று ஒருமுறை கேட்டால் நிறுத்திவிட வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு கிளிக், அதற்கும் மேல் ஒன்று என்று போனால் அளவு தாண்டிவிடும். இறுகிப்போன நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வையுங்கள், உள்ளே உள்ள ஸ்பிரிங் ஓய்வெடுக்கட்டும்.

சில இடங்களில் எண்ணுக்குப் பிறகு "மேலும் 90 பாகை" என்று இருக்கும். முடுக்கும்போதே நீண்டு இறுகும் போல்ட் அது. பெரும்பாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பும் கூடவே இருக்கும்.

முந்தைய நாள் இரவு

வேலை முழுவதையும் உட்கார்ந்து படியுங்கள். "பகுதி 9ஐப் பார்க்க" என்று இருந்தால் அங்கேயும் போய்ப் படியுங்கள். சக்கரத்தைக் கழற்றிய பிறகு அந்தப் பகுதியில் ஒரு தனிக் கருவி வேண்டும் என்று தெரியவந்தால் காரும் நீங்களும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். தேவையான கருவி, புது வாஷர், கிளிப், திரவம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். வேலைக்கான பக்கங்களைப் படி எடுத்துக்கொண்டால் புத்தகம் பிழைக்கும். என் கையேட்டில் பிரேக் அத்தியாயத்தை அட்டவணை பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம், கட்டைவிரல் ரேகை அவ்வளவு கறுப்பாகப் பதிந்திருக்கிறது.

காரைத் தூக்குவது

சமதளமான, கெட்டியான தரை. கைப்பிரேக் இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால், கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். ஜாக்கி வைக்க வேண்டிய இடம் கையேட்டின் முதல் அத்தியாயத்தில் படத்தோடு இருக்கும். தூக்கிய உடனே தாங்கு நிலைகளை, அதாவது காரின் எடையைத் தாங்கும் இரும்புக் கால்களை வைத்துக் காரை அவற்றின்மேல் இறக்குங்கள். பிறகு காரைக் கையால் உலுக்கிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும்.

முதல் வேலை: எஞ்சின் ஆயில்

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் எளிதாக வடியும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள்.

காரைத் தூக்கித் தாங்கு நிலையில் நிறுத்தி, எஞ்சின் கொள்ளளவைவிடப் பெரிய தட்டை அடியில் வைத்து, போல்ட்டை ரிங் ஸ்பேனரால் தளர்த்துங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையால், போல்ட்டை உள்நோக்கி அழுத்தியபடி திருகுங்கள். மரை முடிந்தது விரலுக்குத் தெரியும்; அப்போது வெடுக்கென்று இழுத்துவிட்டால் ஆயில் முழங்கை வரை வழியாது. ஆயில் முதலில் வளைந்து எட்டிப் பாயும், வேகம் குறையக் குறைய நேராக விழும். தட்டை அதற்கேற்ப நகர்த்தத் தயாராக இருங்கள்.

அது சொட்டிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஃபில்டரைக் கழற்றலாம். கழற்றியதைத் திருப்பிப் பார்த்து ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டுவிடும். கவனிக்காமல் புது ஃபில்டரைப் போட்டால் வளையத்தின்மேல் வளையம் உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பியதும் ஆயிலெல்லாம் தரையில். புது வளையத்தில் புது ஆயிலை ஒரு விரல் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்டபிறகு சாதாரணமாக முக்கால் சுற்று. ஃபில்டரின் உடம்பிலேயே அந்த அளவு அச்சாகியிருக்கும். உலோக உறை இல்லாத, காகித ஃபில்டர் வகை என்றால் அதன் மூடிக்குத் தனி முறுக்கு அளவு உண்டு.

வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர். முறுக்கு அளவு எங்கே இருக்கும் என்று இனிச் சொல்ல வேண்டாம்.

காரை இறக்கிச் சமமாக நிறுத்திய பிறகு ஊற்றுங்கள். கையேட்டில் இரண்டு கொள்ளளவு இருக்கும், ஃபில்டரோடு ஒன்று, ஃபில்டர் மாற்றாமல் ஒன்று. முதலாவதை எடுத்து, அதிலும் அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். எஞ்சினைக் கிளப்பினால் ஆயில் எச்சரிக்கை விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்தால் அடியில் எட்டிப் பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுங்கள். மேல்குறிக்குச் சற்றுக் கீழே வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கூடுதலாக இருந்தாலும் கெடுதல்தான்; எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். பழைய ஆயிலைப் புட்டியில் அடைத்துக் கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது வேலை: முன்பக்க பிரேக் பேடு

முன்பக்கத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்விதான் காலிப்பர்; அழுத்துவது அதனுள் இருக்கும் பிஸ்டன். பின்பக்கக் காலிப்பருக்குள் கைப்பிரேக் அமைந்த கார்களில் பிஸ்டனை நேராக அழுத்தினால் உள்ளே போகாது, திருகித்தான் செலுத்த வேண்டும்.

முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினாலும் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். எந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்ற குழப்பம் வந்தால், கையேட்டின் படத்தைவிட எதிர்ப்பக்கச் சக்கரம் தெளிவாகச் சொல்லும். போல்ட்டை எடுத்ததும் காலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் தெளித்துத் துடையுங்கள்.

புது பேடுகளுக்கு இடம் கிடைக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, எஞ்சின் அறையில் மேலே உள்ள டப்பாவில் பிரேக் திரவம் ஏறும். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். வழிந்தால் பெயின்ட் உரிந்துவிடும். அதைப் பிரேக் ஆயில் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் வழக்கமான டாட் 3, டாட் 4 என்ற இரண்டு தர வகைகளுமே எண்ணெய் இல்லை. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுக் கலந்தாலும் ரப்பர் பாகங்கள் ஊதிவிடும். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டிய டாட் 4, ஈரமேறிய நிலையில் 155 பாகையிலேயே கொதிக்கலாம். பல கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

காலிப்பர் நகர்வதற்கான சறுக்கு ஊசிகளில் கையேடு சொல்லும் கிரீஸை மட்டும் மெல்லத் தடவுங்கள். டிஸ்க்கிலும் பேடின் உராய்வுப் பக்கத்திலும் விரல்கூடப் பட வேண்டாம். காலிப்பர் போல்ட், பிறகு சக்கர நட்டு, இரண்டுக்கும் அட்டவணை எண். நட்டுகளைக் கார் இறங்கிய பிறகு குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள்.

இப்போதுதான் 'நேர்மாறாகப் பூட்டவும்' முழுதாகக் கைவிடும் இடம். எல்லாம் பூட்டியாயிற்று, கார் பழையபடி நிற்கிறது, ஆனால் பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போகும். பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள், பிறகு திரவ அளவைப் பாருங்கள். கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதை விட்டவர் கார் நகர்ந்த பிறகுதான் கண்டுபிடிப்பார். முதல் சில கிலோமீட்டர்கள் காலியான சாலையில், மென்மையாகப் பிரேக் போட்டு ஓட்டுங்கள்.

மற்றவை

காற்று ஃபில்டர், வைப்பர், பல்பு எல்லாம் கையேடு இல்லாமலே வரும். பேட்டரியில் எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். இல்லையென்றால் நேர்முனையில் வைத்த ஸ்பேனர் உடற்பகுதியைத் தொட்டதும் தீப்பொறி. ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகு, முதல் சுற்றுகளைக் கையால் திருகிப் போடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள்.

மஞ்சள் நிற இணைப்பிகள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு, ஆரஞ்சு நிறக் கம்பிகள் ஹைப்ரிட் காரின் உயர் மின்னழுத்தத்துக்கு. இவற்றையும் டைமிங் பெல்ட்டையும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கையும் பட்டறையிடமே விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். சக்கரம் கழற்றிய வேலை என்றால் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருக்கும்: அதிலிருந்து 100 கிலோமீட்டர் கூட்டியது. ஓடோமீட்டர் அந்த எண்ணைத் தொடும் நாளில் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதித்துவிட்டு, எழுதியதன்மேல் ஒரு கோடு போடுவேன்.