டி டிரைவைக் காணேல்லை: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணை, லினக்ஸ் போட்டிட்டன். எல்லாம் வடிவா வேலை செய்யுது. ஆனா டி டிரைவைக் காணேல்லை."

போன மாதம் ஒரு பின்னேரம், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்துப் படிக்கும் பல்கலைக்கழகப் பெடியன் ஒருவன் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்து சொன்னது இது. அவன் சொல்லி முடிக்க முதலே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இதே வசனத்தை 2013இல் நான் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பகலில் ஓர் அலுவலக வேலை, பின்னேரத்தில் மற்றவர்களுடைய லப்டொப்பைப் பார்த்துக் கொடுப்பது. காசுக்காக என்றில்லை, பழகிப்போய்விட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்திய பிறகு விறாந்தையில் கூட்டம் கூடிவிட்டது. கனடாவிலும் பிரான்சிலும் சொந்தக்காரர் பாவித்துவிட்டு அனுப்பிய லப்டொப்கள் இங்கே நிறைய. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சிப். விண்டோஸ் 11 அதை ஏற்காது. தூக்கி எறியவும் மனம் வராது. அப்போது யாராவது "லினக்ஸ் போடு" என்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது. நல்ல யோசனைதான், நானும் அதையே சொல்வேன். ஆனால் வருகிற ஆட்கள் நான் விழுந்த கிடங்குகளிலேயே வரிசையாக விழுகிறார்கள்.

லினக்ஸின் ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பை முழுதாக இறக்கினீர்களா, பென்டிரைவில் சரியாக எழுதினீர்களா, பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில், பூட் வரிசையை மாற்றினீர்களா என்பதெல்லாம் இங்கே இல்லை. அதில் பிழை விட்டால் லினக்ஸ் ஏறாது, அவ்வளவுதான். மறுபடி செய்யலாம்.

## "சாமான் எல்லாம் டி-யில கிடக்கு"

ஒரு காணியை நினைத்துப் பாருங்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வேலி அடைத்து இரண்டு துண்டாக்கியிருக்கிறது. சி ஒரு துண்டு, டி மற்றத் துண்டு. காணி ஒன்றுதான். "டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவவா?" என்று லினக்ஸ் இன்ஸ்டோலர் கேட்பது முழுக் காணியையும். நீங்கள் ஓம் என்று சொல்வது ஒரு துண்டை மட்டும் நினைத்துக்கொண்டு. அது வேலியைப் பிடுங்கி, பழைய உறுதியைக் கிழித்து, புதிதாக அளந்து கல்லுப் போட்டுவிடும்.

இந்தப் பிழையை எங்களுக்குப் பழக்கியதே விண்டோஸ்தான். எங்கள் ஊரில் 'போர்மற் அடிப்பது' என்றால் சி-யைத் துடைத்து விண்டோஸை மறுபடி ஏற்றுவது, டி தப்பிவிடும். "முக்கியமானதை டி-யில் போட்டு வை" என்று ஒவ்வொரு கடைக்காரரும் சொல்லி, நாங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். விண்டோஸின் மேல் விண்டோஸ் போடும் வரைக்கும் அது செல்லும். லினக்ஸ் இன்ஸ்டோலருக்குள் சி, டி என்ற எழுத்துகளே கிடையாது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்றோ, என்விஎம்இ என்று தொடங்கும் நீளமான பெயராகவோ இருக்கும். எது எதென்று விளங்காதவர், தலையிடி எதற்கு என்று 'அழி' என்பதை அமத்திவிடுகிறார்.

என் கதைக்கு வருகிறேன். மாமா கோயில் கும்பாபிஷேக மலருக்குப் பொறுப்பு. ஒன்றரை வருடமாகச் சேர்த்த கட்டுரைகள், பழைய நிர்வாக சபைப் படங்கள், உபயகாரர் பட்டியல் எல்லாம் அவருடைய லப்டொப்பில். மெசின் சரியான ஸ்லோ என்றார். நான் அப்போதுதான் உபுண்டு என்ற லினக்ஸ் பிடித்த புதுப் பைத்தியம். "எல்லாத்தையும் டி-க்கு மாத்திட்டீங்களோ மாமா?" என்று கேட்டேன். கேட்டதில் ஒரு பெருமை வேறு.

அந்தக் காலத்து உபுண்டு இன்ஸ்டோலருக்கு ஒரு குணம் இருந்தது. 'இப்போதே நிறுவு' என்பதை அமத்திய கையோடு டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் உலக வரைபடத்தைக் காட்டி, நீ எங்கே இருக்கிறாய் என்று விசாரிக்கும். நான் கொழும்பில் அமத்திவிட்டு, யாழ்ப்பாணத்தை ஏன் போடவில்லை என்று மாமாவுடன் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் மலர் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவதாக விட்ட பிழை முதலாவதை விட மோசம். டி இல்லை என்று கண்ட உடனே லப்டொப்பை நிறுத்தியிருக்க வேண்டும். அழிந்ததாகத் தெரியும் கோப்பு உண்மையில் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், அதன் மேல் வேறொன்றை எழுதும் வரை. நானோ பதற்றத்தில் இணையத்தை இணைத்து, அப்டேற் போட்டு, மீட்கும் மென்பொருளையும் அதே டிஸ்க்கிலேயே ஏற்றினேன். வீடு எரியும்போது கிணற்றுக்குள் மண்ணைக் கொட்டினமாதிரி.

அது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதனால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இரண்டு இரவு ஓடி ஆயிரக்கணக்கில் கோப்புகளைத் தோண்டித் தந்தது. பெயர் ஒன்றுக்கும் இல்லை. ஓர் எழுத்து, பின்னால் நீள இலக்கம். உள்ளே தேடிப் பார்ப்போம் என்று 'கும்பாபிஷேகம்' என்று தமிழில் அடித்தால் ஒன்றும் வரவில்லை. கட்டுரைகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். பாமினியில் 'அம்மா' என்று தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். தமிழ் என்பது எழுத்துருவின் முகம் மட்டும். கடைசியில் பாமினியில் அடிப்பதுபோலவே ஆங்கில எழுத்துகளை அடித்துத் தேடினேன். பாதிக் கட்டுரைகள் கிடைத்தன. படங்களில் பல, மேல் பாதியில் ஆட்களும் கீழ்ப் பாதியில் சாம்பல் நிறமுமாக வந்தன. மாமா ஏசவில்லை. கட்டுரை எழுதிய ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் சைக்கிளில் போய், இன்னொருக்கால் எழுதித் தாருங்கோ என்று கேட்டது அவர்தான். நான் போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

சரி, அந்தப் பெடியனுக்கு வருவோம். அவனுடையது எஸ்எஸ்டி, சுழலும் தட்டே இல்லாத புது வகை டிஸ்க். எஸ்எஸ்டியில் கதையே வேறு. புதிதாகப் பகுதி பிரித்துப் போர்மற் செய்யும்போது, 'இந்த இடம் முழுக்க இனி வேண்டாம்' என்று லினக்ஸ் டிஸ்க்கிடம் சொல்லிவிடும். டிரிம் என்பார்கள். டிஸ்க்கும் அதைக் கேட்டு உள்ளே துடைத்துவிடும். அதன் பிறகு போட்டோரெக் ஓடினால் வெறும் பூச்சியம்தான் வரும். எனக்குப் பாதி மலராவது கிடைத்தது. அவனுக்கு இறுதியாண்டு ஆய்வுக்காகச் சேர்த்த தரவில் ஒரு வரிகூட இல்லை. மேற்பார்வையாளருக்கு எப்போதோ மின்னஞ்சலில் அனுப்பிய இரண்டு அத்தியாயம் மட்டும் மிச்சம்.

ஆகவே, கொப்பி என்றால் கழற்றி அலுமாரிக்குள் வைக்கக்கூடியதாகவோ, கணினிக்கு வெளியே இணையத்திலோ இருக்க வேண்டும். எக்ஸ்ரேணல் டிஸ்க்கோ, பென்டிரைவோ, கூகிள் டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியோ, எதுவும் பரவாயில்லை. கொப்பி எடுத்த பின் வேறொரு கணினியில் ஐந்தாறு கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிகிறது என்பதற்காகக் கோப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான வன்ட்ரைவ் (OneDrive) பாவிப்பவர்களுக்கு, பக்கத்தில் முகில் படம் போட்ட கோப்புகள் கணினியிலேயே கிடையாது. டி-யை மட்டும் கொப்பி பண்ணிவிட்டு, சி-க்குள் இருக்கும் டெஸ்க்டொப்பையும் டவுன்லோட்ஸையும் மறப்பவர்களும் உண்டு. பிரவுசரில் சேமித்த பாஸ்வேட்களையும் எடுத்துவையுங்கள்.

அப்புறம், இன்ஸ்டோல் செய்ய முதல் அந்த எக்ஸ்ரேணல் டிஸ்க்கைக் கழற்றுங்கள். செருகியே விட்டால் இன்ஸ்டோலரின் டிஸ்க் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக நிற்கும். எது எதென்று குழம்பி, கொப்பி எடுத்த டிஸ்க்கையே அழித்த ஆள் ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவேளை, அது நான் இல்லை.

## 48 இலக்கம்

புதிய லப்டொப்களில் இது அடுத்த வில்லங்கம். விண்டோஸ் 11 பல மெசின்களில் உங்களைக் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். லினக்ஸ் போடுவதற்காகப் பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்ப விண்டோஸுக்குப் போனால், நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கில் என்பதுதான் கேள்வி. லப்டொப்பை வாங்கிய அன்று கடையில் வேலை செய்யும் பெடியன் ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, "எல்லாம் செட் பண்ணிட்டன் அக்கா" என்று தந்திருப்பான். அந்த மின்னஞ்சல் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. அவனுக்கும் இப்போது ஞாபகம் இராது.

மாற முதல் விண்டோஸ் செற்றிங்ஸில் பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்சன் என்று தேடுங்கள். பூட்டியிருந்தால் அதை நிறுத்துங்கள். முழு டிஸ்க்கையும் திறந்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். சாவியைக் கடதாசியில் எழுதியும் வையுங்கள்.

## பாமினியை விட்டுவிட்டு வருவது

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடமுடியாது. பாடசாலைக் கடிதம், சனசமூக நிலையக் கூட்ட அறிக்கை, அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகம் என்று பாதிக்கு மேல் பாமினியில்தான் கிடக்கிறது. லினக்ஸில் திறந்தால் குப்பை கொட்டினமாதிரி ஆங்கில எழுத்துகள் தெரியும். "கோப்பு பழுதாப் போச்சு" என்று அழித்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் பழுதில்லை. விண்டோஸின் எழுத்துருப் பெட்டியிலிருந்து பாமினிக் கோப்பைக் கொப்பி பண்ணிக்கொண்டு வந்து, லினக்ஸில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் எழுத்து வந்துவிடும்.

ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவது இன்னும் நல்லது, ஆனால் மூலத்தை அழிக்காதீர்கள். மாற்றும் மென்பொருளுக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. நடுவில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியையும் அது தமிழாக்கிவிடும். நான் ஒருமுறை கவனிக்காமல் அனுப்பிய கடிதத்தில் அதிபருடைய மின்னஞ்சல் ஏதோ மந்திரம்போல் இருந்தது.

விரல் பாமினிக்குப் பழகியவர்கள் தமிழ்99 விசைப்பலகையைத் தெரிவுசெய்துவிட்டு, லினக்ஸில் தமிழ் அடிக்க முடியாது என்று திட்டுகிறார்கள். உள்ளீட்டு முறைகளில் தட்டச்சு முறையும், ரெங்கநாதன் முறையும் இருக்கின்றன. பாமினிக் கைக்கு அவைதான் கிட்டத்தட்டப் பொருந்தும்.

## பாரிஸ் லப்டொப்

பிரான்சிலிருந்து வந்ததில் கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். ஜெர்மனியிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்ததில் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சு விசைப்பலகையில் இலக்கம் அடிக்க ஷிப்டையும் அமத்த வேண்டும். இன்ஸ்டோல் செய்யும்போது ஒரு விசைப்பலகையைத் தெரிவுசெய்து பாஸ்வேட் வைத்துவிட்டு, உள்ளே போன பிறகு இன்னொன்றுக்கு மாற்றினால், அடுத்த நாள் பாஸ்வேட் பிழை என்று வரும். கட்டையில் அச்சடித்திருப்பதை முதலிலேயே தெரிவுசெய்யுங்கள். பாஸ்வேட் வைக்க முதல், பரீட்சித்துப் பார்க்கும் பெட்டியில் எல்லா எழுத்தையும் ஒருக்கால் அடித்துப் பாருங்கள்.

## இரண்டையும் வைத்திருப்போருக்கு

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், விண்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். அது இருக்கும் வரை, கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் உண்மையாகத் தூங்கவில்லை, அரைக் கண்ணில் கிடக்கிறது. அந்த நிலையில் விண்டோஸ் பகுதியை லினக்ஸ் வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது.

விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தி ஓடினால் பற்றரியை மாற்றக் கடைக்கு ஓடாதீர்கள். லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இலங்கை நேரம் என்று வாசிக்கிறது. உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸுக்குச் சொல்ல ஒரே ஒரு கட்டளை போதும்.

## கரண்ட்

பற்றரி செத்த லப்டொப்பில், மழை இருட்டும் நேரத்தில், இன்ஸ்டோலைத் தொடங்காதீர்கள்.

## வைபை

பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடத் தேவையில்லை. வைபை, சத்தம், கமரா, பிரிண்டர் நான்கையும் அப்போதே பாருங்கள். வைபை வராவிட்டால் போனை யூஎஸ்பியில் செருகி, அதன் டேற்றாவில் டிரைவரை இறக்கலாம். பிரிண்டர் வராவிட்டால், அதுவும் சில சின்ன லேசர் பிரிண்டர்கள் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்ய வேண்டும்.

## அடோபி, டாலி

அடோபியின் படம், வீடியோ மென்பொருள்களும், டாலி என்ற கணக்கு மென்பொருளும் லினக்ஸுக்கு இல்லை. பிழைப்பே அதில்தான் என்றால் விண்டோஸிலேயே இருங்கள்.

## திரும்பிப் போவது

வெட்கமில்லை, நானே இரண்டு தரம் போயிருக்கிறேன். ஆனால் விண்டோஸ் லைசன்ஸுக்கு என்று மறுபடி காசு கொடுக்காதீர்கள். விண்டோஸோடு விற்ற லப்டொப்களில் பெரும்பாலும் சாவி மதர்போர்ட்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை ஏற்றினால் தானாக எடுத்துக்கொள்ளும். அப்போதும் எக்ஸ்ரேணல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான்.