ரெசிஸ்டர்: ஓம் மட்டும் பார்த்தால் போதாது

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகமான ரெசிஸ்டர் ஒன்று கருகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு அதே ஓம் (மின்தடையின் அலகு) மதிப்பில் புதிதாக ஒன்றை வைத்துப் பற்றவைத்தாயிற்று. ஒரு மணி நேரத்தில் புதியதும் கருகுகிறது. ஓம் கணக்கில் பிழையில்லை. வாட்டைப் பார்க்காமல் விட்டதுதான் பிழை. ரெசிஸ்டரைக் கையில் எடுக்கும்போதே மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எத்தனை ஓம், எத்தனை வாட் வெப்பத்தைத் தாங்கும், அதன் இரு முனைகளுக்கு நடுவே எத்தனை வோல்ட் நிற்கப்போகிறது. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்பவர்களின் சுற்றுகள்தான் பெரும்பாலும் பாதியில் நின்றுபோகின்றன.

அடிப்படை ஒரே வரிதான். 1827இல் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட விதி அது: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே 5 வோல்ட் இருந்தால் 5 மில்லி ஆம்பியர் ஓடும். இங்கே பலர் சறுக்குகிறார்கள். விதியில் வரும் மின்னழுத்தம் பேட்டரியின் அழுத்தம் அல்ல, அந்த ரெசிஸ்டரின் மேல் மட்டும் விழும் அழுத்தம். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது.

நிறப்பட்டைகளைப் படிப்பது

கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு பட்டை வகையில் முதல் இரண்டும் எண்கள், மூன்றாவது எத்தனை சுழியம் சேர்ப்பது என்று சொல்லும், நான்காவது பிழை அளவு. மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்றால் 4, 7, அதற்குப் பின் இரண்டு சுழியம்: 4700 ஓம், கூடக்குறைய 5 சதவீதம். பிழைப் பட்டை வெள்ளி என்றால் 10 சதவீதம். மூன்றாவது இடத்தில் தங்கம் வந்தால் பத்தால் வகுக்க வேண்டும், வெள்ளி வந்தால் நூறால்.

ஐந்து பட்டை வகையில் முதல் மூன்றும் எண்கள். பெரும்பாலும் நீல உடல் கொண்ட, 1 சதவீதப் பிழையுள்ள மெட்டல் ஃபிலிம் (மெல்லிய உலோகப் படலம் பூசிய) வகை இது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கடைசிப் பட்டையும் பழுப்பு, முதல் பட்டையும் பழுப்பு என்றால் எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது? பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்பது 10 கிலோ ஓம். அதையே திருப்பிப் படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு: 120 ஓம். இரண்டுமே சந்தையில் கிடைக்கும் மதிப்புகள். பிழைப் பட்டைக்கு முன் சற்றுக் கூடுதல் இடைவெளி இருக்க வேண்டும் என்பது வழக்கம், ஆனால் சின்ன உடலில் அது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. நீல உடலில் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரிவது வேறு. ஆகவே நிறத்தைப் பார்த்து எடுங்கள், மல்டிமீட்டரில் அளந்த பிறகு மாட்டுங்கள்.

மின்சுற்றுப் பலகையின் மேற்பரப்பில் ஒட்டும் சிறு வகைகளில் எண்களே அச்சாகியிருக்கும். 103 என்றால் 10, அதன் பின் மூன்று சுழியம்: 10 கிலோ ஓம். நான்கு இலக்கத்தில் 1002 என்பதும் அதே மதிப்பு. 100 என்று அச்சிட்டிருந்தால் நூறு ஓம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 10, அதன்பின் சுழியம் எதுவும் இல்லை, ஆக வெறும் 10 ஓம். நூறு ஓம் வேண்டுமானால் 101.

50 கிலோ ஓம் ஏன் கிடைப்பதில்லை

மதிப்புகள் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற வரிசையிலும் அவற்றின் பத்து மடங்குகளிலும் வருகின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம். 10 சதவீதப் பிழையுள்ள ரெசிஸ்டர்களுக்காக வகுத்த வரிசை இது: ஒரு மதிப்பின் மேல் எல்லை அடுத்ததன் கீழ் எல்லையைத் தொட்டுவிடும், நடுவில் இன்னொன்றைச் செய்து பயனில்லை. கணக்கில் 593 ஓம் வந்தால் பதற வேண்டாம், 680 போடலாம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் இடங்களில் மேல் மதிப்பை எடுப்பதே பாதுகாப்பு.

வரிசையில் இல்லாத மதிப்பு வேண்டுமென்றால் இரண்டைச் சேர்க்கலாம். தொடராக இணைத்தால் மதிப்புகள் கூடும். பக்கவாட்டில் இணைத்தால் இரண்டின் பெருக்கலை இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். சம மதிப்பில் இரண்டைப் பக்கவாட்டில் வைத்தால் சரிபாதி.

வாட் கணக்கு

ரெசிஸ்டரில் வெப்பமாக மாறும் திறன் = அதன் மேல் விழும் மின்னழுத்தம் × அதன் வழியே ஓடும் மின்னோட்டம். 24 வோல்ட் கருவியில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு வைக்கிறோம். விளக்குக்கு 2 வோல்ட் போனால் ரெசிஸ்டர் மேல் 22 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 1.1 கிலோ ஓம். வெப்பம் 22 × 0.02 = 0.44 வாட். கைவசம் எப்போதும் இருக்கும் கால் வாட் ரெசிஸ்டரை இங்கே போட்டால் முதலில் வண்ணம் கறுக்கும், பிறகு பலகையும் பழுப்பாகும்.

வழிகள் மூன்று. 1 வாட் ரெசிஸ்டர் போடலாம். 2.2 கிலோ ஓம், அரை வாட் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்து வெப்பத்தை ஆளுக்கு 0.22 வாட்டாகப் பிரிக்கலாம். எல்லாவற்றிலும் நல்லது மின்னோட்டத்தைக் குறைப்பது: இன்றைய அடையாள விளக்குகளுக்கு 5 மில்லி ஆம்பியரே தாராளம். 4.7 கிலோ ஓம் போட்டால் வெப்பம் 0.1 வாட், கால் வாட் ரெசிஸ்டரே போதும்.

கணக்கில் வரும் வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரை எடுப்பது நல்ல பழக்கம். உடலில் எழுதியுள்ள அளவு, பெரும்பாலான ஃபிலிம் வகைகளில், சுற்றுப்புறம் 70 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது மட்டுமே செல்லும். அதற்கு மேல் தாங்குதிறன் இறங்கிக்கொண்டே போகும். மூடிய பெட்டிக்குள் மற்ற பாகங்களின் சூடும் சேரும். 1 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றைப் பலகையோடு ஒட்டவைக்காமல் சில மில்லிமீட்டர் தூக்கிப் பற்றவையுங்கள். பக்கத்தில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை (உள்ளே திரவம் கொண்ட, மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) வைக்காதீர்கள், சூட்டில் அது சீக்கிரம் உலர்ந்துபோகும்.

பலர் மறந்துவிடும் வோல்ட் வரம்பு

230 வோல்ட் இணைப்பில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று குறுக்கே நிற்கிறது. வெப்பம் 0.053 வாட்தான், கால் வாட் ரெசிஸ்டருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மாறுதிசை மின்னழுத்தத்தின் உச்சம் 325 வோல்ட். கால் வாட் ஃபிலிம் ரெசிஸ்டரின் வரம்பு பொதுவாக 250 வோல்ட் அளவில் நிற்கிறது. சில மாதங்களில் மதிப்பு மாறும், அல்லது உள்ளே பொறி பாய்ந்து அறுந்துபோகும். அதனால்தான் இத்தகைய இடங்களில் 470 கிலோ ஓம் இரண்டைத் தொடராக வைத்து அழுத்தத்தைப் பாதிபாதியாகப் பிரித்திருப்பார்கள். பழுது பார்க்கும்போது "இரண்டு எதற்கு, ஒன்றே போதும்" என்று சுருக்கிவிடாதீர்கள்.

எல்.இ.டி. விளக்குக்கு

மின்வழங்கலிலிருந்து விளக்கின் அழுத்தத்தைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட், நீலம், வெள்ளைக்குச் சுமார் 3 வோல்ட். 5 வோல்ட், சிவப்பு விளக்கு, 10 மில்லி ஆம்பியர்: (5 − 2) ÷ 0.01 = 300 ஓம். 330 போடலாம்.

3.3 வோல்ட்டில் வெள்ளை விளக்கை எரிக்கும்போது கவனம் தேவை. விளக்கு 3.1 வோல்ட் எடுத்தால் ரெசிஸ்டருக்கு மிச்சம் 0.2 வோல்ட். 20 ஓம் போட்டால் 10 மில்லி ஆம்பியர் ஓடும். அதே பையிலிருந்து எடுத்த இன்னொரு விளக்கு 2.9 வோல்ட் எடுத்தால் 20 மில்லி ஆம்பியர் ஓடும், நேர் இரண்டு மடங்கு. ரெசிஸ்டர் மேல் குறைந்தது 1 வோல்ட்டாவது விழும்படி அமைத்தால்தான் அது மின்னோட்டத்தை உண்மையில் கட்டுப்படுத்தும்.

பக்கவாட்டில் நான்கைந்து விளக்குகளைக் கோத்து எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் வைப்பதும் தவறு. அழுத்தம் சற்றுக் குறைந்த விளக்கு அதிக மின்னோட்டத்தை இழுக்கும், சூடாகும், சூட்டில் அதன் அழுத்தம் இன்னும் குறையும், இன்னும் இழுக்கும். ஆளுக்கொரு ரெசிஸ்டர் வையுங்கள்.

மின்னழுத்தத்தைப் பங்கிட

இரண்டு ரெசிஸ்டரைத் தொடராக வைத்து நடுவிலிருந்து கம்பி எடுத்தால் அழுத்தம் பங்காகிவிடும். கிடைப்பது = மொத்த அழுத்தம் × கீழ் ரெசிஸ்டர் ÷ இரண்டின் கூட்டல். 12 வோல்ட் பேட்டரியை 3.3 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் மைக்ரோ கன்ட்ரோலரால் (கருவியை இயக்கும் சிறு கணினிச் சில்லு) அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும், ஆகவே 16 வோல்ட் வரை கணக்கிடுவோம். மேலே 39 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம்: 16 × 10 ÷ 49 = 3.27 வோல்ட். இரவு பகலாக ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ கால் மில்லி ஆம்பியர்தான்.

இந்தப் பங்கீடு அளப்பதற்கும் சிக்னலுக்கும் மட்டுமே. மோட்டாருக்கோ சுற்றுக்கோ மின்சாரம் கொடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. மேலே 15, கீழே 10 கிலோ ஓம் வைத்து 12 வோல்ட்டிலிருந்து 4.8 வோல்ட் எடுத்தோம். மீட்டரில் 4.8 சரியாகவே காட்டும். அதில் 100 ஓம் சுமையை இணைத்த உடனே கீழ்ப்பகுதி 10 கிலோ ஓமும் 100 ஓமும் பக்கவாட்டில் சேர்ந்து 99 ஓமாகிறது. நடுப்புள்ளியில் மிஞ்சுவது 0.08 வோல்ட். "மீட்டரில் வருகிறது, மோட்டார் ஓடவில்லை" என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுதான். அங்கே சுமை மாறினாலும் அழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் வேண்டும்.

பொத்தானும் டிரான்சிஸ்டரும்

மைக்ரோ கன்ட்ரோலரின் உள்ளீட்டு முனையில் பொத்தான் மட்டும் இருந்தால், அழுத்தாதபோது அந்த முனை எதோடும் சேராமல் மிதக்கும். கை அருகே போனாலே மதிப்பு தாறுமாறாக மாறும். முனைக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் வைத்து, பொத்தானைத் தரையோடு இணையுங்கள். அழுத்தும்போது அரை மில்லி ஆம்பியர்தான் வீணாகும். 1 கிலோ ஓம் வைத்தாலும் வேலை செய்யும், ஆனால் பேட்டரியில் ஓடும் கருவிக்கு 5 மில்லி ஆம்பியர் கணக்கில் வரும்.

டிரான்சிஸ்டரின் பேஸ் என்ற முனையில் சிறு மின்னோட்டம் கொடுத்தால் அது பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும். அதை ஸ்விட்ச்சாக வைக்கும்போது பேஸ் ரெசிஸ்டரின் கணக்கு இப்படிப் போகும். 12 வோல்ட் ரிலேயின் (சுருளின் காந்த விசையால் இயங்கும் ஸ்விட்ச்) சுருள் 400 ஓம், அது இழுப்பது 30 மில்லி ஆம்பியர். பேஸுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, 3 மில்லி ஆம்பியர். பி.சி. 547 போன்ற டிரான்சிஸ்டரின் பெருக்கம் நூறைத் தாண்டும் என்றாலும், முழுதாகத் திறந்து நிற்க இவ்வளவு கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அரைகுறையாகத் திறந்து சூடாகும். சிக்னல் 5 வோல்ட், பேஸில் போவது 0.7: 4.3 ÷ 0.003 = 1433 ஓம். இங்கே மட்டும் கீழ் மதிப்பை எடுங்கள், 1.2 கிலோ ஓம். ரிலே சுருள் அணையும்போது எழும் உயர் அழுத்தத்தை அடக்க அதன் குறுக்கே வைக்கும் டையோடை (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் பாகம்) மறந்துவிட்டால், ரெசிஸ்டர் எவ்வளவு சரியாக இருந்தாலும் டிரான்சிஸ்டர் பிழைக்காது.

அளப்பதும் மாற்றுவதும்

முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பெரிய கெப்பாசிட்டர் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை, காப்பிட்ட கம்பிகளால் பிடித்து, அதன் குறுக்கே வையுங்கள். 100 மைக்ரோ ஃபாரட் என்றால் ஐந்து வினாடியில் இறங்கிவிடும். மீட்டரில் வோல்ட்டைப் பார்த்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

பலகையில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்துப் பாகங்களின் வழியும் சேர்ந்துகொள்ளும், மதிப்பு குறைவாகக் காட்டும். அதிகமாகக் காட்டினால் ஏறத்தாழ நிச்சயமாக ரெசிஸ்டர் கெட்டுவிட்டது, ஏனென்றால் ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் மதிப்பு ஏறியோ அறுந்தோதான் கெடும். ஐயமிருந்தால் ஒரு காலை மட்டும் கழற்றி அளந்து பாருங்கள். மெகா ஓம் அளவுகளில் இரு கை விரல்களும் மீட்டர் முனைகளைத் தொடக் கூடாது, உடலின் மின்தடையும் கணக்கில் சேரும். 1 ஓமுக்குக் கீழே என்றால் மீட்டர் கம்பிகளின் மின்தடையை முதலில் அளந்து கழியுங்கள்.

கருகிய ரெசிஸ்டரின் நிறத்தை நம்ப வேண்டாம். சூட்டில் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பாகத் தெரியும். சுற்றுப்படத்தையோ, அதே பலகையில் உள்ள ஒத்த பகுதியையோ பாருங்கள். அது ஏன் கருகியது என்பதையும் தேடுங்கள்: பவர் சப்ளையின் நுழைவில் இருந்தால் பின்னால் ஒரு டையோடோ டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கும். அந்த இடத்தில் இருப்பது ஃபியூசைப்போல அறுந்துபோகும்படி செய்த தனி வகை ரெசிஸ்டராக இருக்கலாம். அதற்குப் பதில் சாதாரண ரெசிஸ்டரைப் போட்டால், அடுத்த முறை அது அறுவதற்குப் பதிலாகத் தீப்பிடிக்கும். அதே வகையையே தேடி மாட்டுங்கள்.