பழைய வேக்குவம் கிளீனரை மீட்டெடுப்பது: ப்ளக்கைச் சொருகுவது கடைசி வேலை

பழைய வேக்குவம் கிளீனர் கைக்கு வந்ததும் முதலில் தோன்றுவது, ப்ளக்கைச் சொருகி ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்பதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள். பல வருடம் பரணில் கிடந்த மோட்டாரில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், வயரின் ரப்பர் உதிர்ந்திருக்கும், கார்பன் தூசி காயிலுக்கும் பாடிக்கும் இடையே படிந்து மின்சாரத்துக்கு வழி போட்டிருக்கும். முழு வோல்டேஜ் கொடுத்த முதல் நிமிடத்திலேயே ஆர்மேச்சர் (மோட்டாரில் சுழலும், காயில் கட்டிய பகுதி) கருகிவிடலாம். அந்த மாடலுக்கு இன்னொரு ஆர்மேச்சர் தேடுவது பெரும்பாடு.

எதை வாங்குவது?

சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது ஹூவர், எலக்ட்ரோலக்ஸ், கிர்பி ஆகிய பிராண்டுகளை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர் 1908ல் காப்புரிமை பெற்ற வடிவத்தை வாங்கித்தான் ஹூவர் குடும்பம் இந்தத் தொழிலில் இறங்கியது. ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைத்த 1936ன் ஹூவர் 150, லுரெல் கில்ட் வடிவமைத்த 1937ன் எலக்ட்ரோலக்ஸ் மாடல் 30 இரண்டும் கண்ணுக்கு விருந்து. ஆனால் முதல் மெஷினாக இவை வேண்டாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு யுரேகா ஃபோர்ப்ஸ் 1982 முதல் வீடு வீடாக வந்து விற்ற யூரோகிளீன் நல்ல பாடசாலை. 230 வோல்ட்டில் ஓடும், விலை குறைவு, கெட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

வாங்கும் முன் ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. காற்றோட்டத் துளையில் மூக்கை வைத்தால் கருகிய வார்னிஷ் வாசம் வருகிறதா? வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பேக்கலைட் (அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) மூடியில் விரிசல் இருந்தால் அதைத் தெரியாமல் ஒட்டுவது நடக்காத காரியம். ஹோஸும் முனைக்கருவிகளும் கூடவே வருகின்றனவா என்பது மெஷினின் பளபளப்பைவிட முக்கியம், ஏனென்றால் தனியாகக் கிடைக்காதவை அவைதான்.

பெயர்த்தகட்டில் வோல்ட்டையும் ஆம்பியரையும் படியுங்கள். அமெரிக்க மெஷின் 110 முதல் 120 வோல்ட். இது கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சர் முனையில் உள்ள செம்புப் பட்டை வளையம்) உள்ள, ஏசி டிசி இரண்டிலும் ஓடும் யுனிவர்சல் மோட்டார் என்பதால் 60 ஹெர்ட்ஸா 50 ஹெர்ட்ஸா என்ற கவலை இல்லை, வோல்டேஜ் மட்டும்தான் பிரச்சினை. தகட்டில் 5 ஆம்பியர் என்றால் சுமார் 600 வாட். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும் என்பதால் 1000 விஏ (வோல்ட் ஆம்பியர்) திறனுள்ள, வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். பயணிகளுக்கென்று விற்கும் சின்ன எலக்ட்ரானிக் கன்வர்ட்டர் மோட்டாருக்கு ஆகாது.

பிரிப்பது

என்95 மாஸ்க், கையுறை, மொட்டை மாடி. யார் வீட்டுத் தூசி, எந்தக் காலத்துப் பூச்சி மருந்து என்று தெரியாத பையை வீட்டுக்குள் உதறாதீர்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோட்டோ எடுங்கள். பழைய ஸ்க்ரூக்களின் வெட்டு அகலமும் ஆழமுமாக இருக்கும், சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் தலை சிதையும். இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஃபேனைப் பிடித்திருக்கும் நட்டில் பலர் ஏமாறுகிறார்கள். சில மோட்டார்களில் அது இடப்புற மரை. வழக்கமான பக்கம் திருகத் திருக இன்னும் இறுகி, கடைசியில் ஷாஃப்ட் மரையே போகும். முதலில் லென்ஸ் வைத்து மரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மோட்டார்

உண்மையான வேலை இதுதான். அவசரப்படாதீர்கள்.

கார்பன் பிரஷ்களை (கம்யூட்டேட்டரை உரசி மின்சாரம் கொடுக்கும் கரிக்கட்டைகள்) எடுக்கும் முன், எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று மார்க்கரால் குறியுங்கள். அவற்றின் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்தியிருக்கும், திருப்பிப் போட்டால் பொறி பறக்கும். புதிதாக இருந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டும். அதே அளவு கிடைக்காவிட்டால் சற்றுப் பெரியதை வாங்கி, கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கலாம். ஹோல்டருக்குள் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது.

ஆர்மேச்சரை வெளியே எடுத்ததும் உலர்ந்த பிரஷால் கார்பன் தூசியைத் தட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கம்யூட்டேட்டரைத் துடையுங்கள். சீரான காப்பி நிறப் படலம் இருந்தால் அப்படியே விடுங்கள், அது நல்ல அறிகுறி. கறுத்துக் குழி விழுந்திருந்தால் மட்டும் 600 நம்பர் உப்புத்தாளால் லேசாக மெருகேற்றலாம். எமரித்தாள் கூடாது. அதன் துகள் மின்சாரம் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு இடையே சிக்கி ஷார்ட் ஆக்கிவிடும். பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) செம்பின் மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தால், மெல்லியதாகத் தேய்த்த ஹாக்சா பிளேடால் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, மூங்கில் குச்சியால் சுத்தம் செய்யுங்கள்.

இப்போது மல்ட்டிமீட்டர். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு இடையே ஓம்ஸ் அளந்து சுற்றி வாருங்கள். எல்லா ஜோடியும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒரு ஜோடி மட்டும் எகிறினால் அங்கே சுருள் அறுந்திருக்கிறது, மிகக் குறைந்தால் ஷார்ட். எந்தப் பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. இதில் தோற்றால் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டியதுதான். கம்பி கனம், சுற்று எண்ணிக்கை, கம்யூட்டேட்டரில் எந்தக் கம்பி எந்தப் பட்டையில் இறங்குகிறது என்ற மூன்றையும் பழையபடியே கட்டச் சொல்லுங்கள். மிக்ஸி மோட்டார் கட்டிப் பழகியவர் இதையும் கட்டுவார்.

பேரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எண் அழிந்திருந்தால் வெர்னியரால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்று மூன்று அளவும் எடுங்கள். 8, 22, 7 மி.மீ. என்றால் 608 எண் பேரிங்; 10, 26, 8 மி.மீ. என்றால் 6000 எண் பேரிங். அமெரிக்க மெஷின்களில் அங்குல அளவு வரும், மெட்ரிக் பேரிங்கை ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் சரிக்கட்ட நினைக்காதீர்கள். பத்தாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றும் இடம் என்பதால், இருபக்கமும் தகர மூடியுள்ள சி3 இடைவெளி (உள்ளே வழக்கத்தைவிடச் சற்று அதிக இடைவெளி) பேரிங் கேளுங்கள். உரசும் ரப்பர் மூடி அந்த வேகத்தில் சூடேறும். ஏற்றும்போது உள்வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் பள்ளம் பதித்துவிடும், புது பேரிங்கே கரகரக்கும். பேரிங்குக்குப் பதில் பித்தளை புஷ் இருந்தால், அதைச் சுற்றியுள்ள ஃபெல்ட்டில் சில சொட்டு எஸ்ஏஇ 20 எண்ணெய் போதும்.

வயர், கண்டென்சர், டெஸ்ட்

துணி சுற்றிய பழைய வயர் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். உலோக உடல் என்றால் எர்த்தோடு மூன்று கோர், 0.75 சதுர மி.மீ. துணி பின்னிய புது வயர் விளக்குக் கடைகளில் கிடைக்கிறது, பழைய தோற்றமும் கெடாது. சுவிட்ச் அருகே சின்ன உருளையாகப் பழைய பேப்பர் கண்டென்சர் இருந்தால் அதை நம்பவே வேண்டாம், புகைந்து வெடிக்கும். இரண்டு மின்கம்பிகளுக்கு நடுவே இருப்பதற்கு எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட், கம்பிக்கும் பாடிக்கும் நடுவே இருப்பதற்கு ஒய் வகை (எக்ஸ்2, ஒய் என்பவை கண்டென்சரின் பாதுகாப்பு வகைகள்). இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒருநாள் பாடியில் ஷாக் அடிக்கும்.

எல்லாம் பூட்டியபின் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) ப்ளக் பின்னுக்கும் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரு மெக்ஓமுக்குக் கீழே என்றால் ஈரம் அல்லது கார்பன் தூசி. வெயிலில் காயவைத்து மறுபடி பாருங்கள். அடுத்தது சீரிஸ் லாம்ப், அதாவது மெஷினுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த அதே கம்பி வழியில் இடையே இணைக்கும் பல்பு. 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி பயன்படாது. 120 வோல்ட் மெஷின் என்றால் பல்பு டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் இருக்கட்டும். பல்பு பளீரென்று எரிந்து மோட்டார் அசையாவிட்டால் ஷார்ட் அல்லது எங்கோ இறுக்கம். மங்கலாக எரிந்து மோட்டார் மெல்லச் சுற்றினால் சரி. பிரஷ் பொருந்துவதற்கு இதே நிலையில் அரை மணி நேரம் ஓடட்டும்.

ஒரு எச்சரிக்கை: ஃபேனைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் முழு வோல்டேஜில் ஓட்டாதீர்கள். சுமையில்லாத யுனிவர்சல் மோட்டார் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும், ஆர்மேச்சரின் கம்பிகள் பிய்ந்து தெறிக்கலாம். ஹோஸின் வாயை அடைத்தால் சத்தம் ஏறுவதும் இதனால்தான். மோட்டார் கஷ்டப்படுகிறது என்று பலர் பதறுவார்கள். காற்றைத் தள்ளும் வேலை குறைந்ததால் உண்மையில் அது இளைப்பாறுகிறது. முழு வோல்டேஜில் பிரஷ் அடியில் சின்ன நீலப்பொறி இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்துங்கள்.

வெளித்தோற்றம்

இங்கே குறைவாகச் செய்வதே நல்லது. மறுபெயின்ட் அடித்த மெஷினைவிடக் கீறலோடு நிற்கும் அசல் பெயின்ட்டுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. அலுமினியத்துக்கு மெட்டல் பாலிஷ் போதும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். ஹூவர் 150ன் உடலில் மெக்னீசியம் உண்டு, அதை உலர்வாகத் தேய்த்தால் வரும் தூள் தீப்பற்றக் கூடியது. பேக்கலைட்டை ஊறப்போடாமல் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துக் கார் பாலிஷ் போடுங்கள். போன மினுமினுப்பு முழுதும் திரும்பாது. ஒட்டுப்படங்கள் மேல் எதையும் தேய்க்காதீர்கள்.

பெல்ட் புதிதாக இருக்கட்டும், ஆனால் சரியான அளவில். குட்டையான பெல்ட் ஷாஃப்டை ஒருபக்கம் இழுத்துப் புது பேரிங்கையும் கெடுக்கும். உருளை பிரஷைச் சோதிக்க, முகப்பின் குறுக்கே ஒரு அட்டையை வைத்து உருளையைக் கையால் சுற்றுங்கள். மயிர் அட்டையை உரச வேண்டும். கிழிந்த துணி ஹோஸின் கைப்பிடியையும் மறுமுனை இணைப்பையும் வைத்துக்கொண்டு, நடுவில் புது பிளாஸ்டிக் ஹோஸ் செருகலாம். எடுத்த பழைய ஹோஸ், வயர், பிரஷ் எதையும் எறியாதீர்கள், மாடல் எண் எழுதிய பையில் போட்டு வையுங்கள்.

அலமாரியில் வைக்கும்போது பெல்ட்டைப் புல்லியிலிருந்து கழற்றி விடுங்கள். இறுக்கத்திலேயே இருந்தால் அந்த வடிவிலேயே விறைத்துவிடும். கடலோர ஊர் என்றால் பைக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மறுபடி மெக்கர் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.