முன்னாள் மாணவர் சங்கம்: வசூலுக்கு முன் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இரண்டு பிரதிநிதிகளைப் போடுங்கள். ஒருவரை நம்பினால், அவர் வேலை மாறியதும் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டுமே மிஞ்சும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். சங்கத்தின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு இரண்டும் வந்த பிறகே வசூல். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணில் பணம் வாங்கினால் எது அவர் காசு, எது சங்கத்துக் காசு என்பதில் சண்டை வரும்.

சிங்கப்பூரிலிருந்து அனுப்புபவரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகன் என்றால் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். குடியுரிமை மாறியவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. கூச்சப்படாமல் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

மாணவர்களுக்கான கட்டண உதவியைக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். மேடையேற்றிக் காசோலை கொடுக்கும் படமெல்லாம் வேண்டாம், பிள்ளைகள் கூசிப்போவார்கள்.

மதுரையில் ஆண்டுக் கூட்டம் வைத்தால் பொங்கலை ஒட்டிய ஞாயிறு தோது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாளை மட்டும் விடுங்கள். சித்திரைத் திருவிழாவில் வைத்தால் லாட்ஜில் அறையும் கிடைக்காது, கோரிப்பாளையத்தில் வண்டியும் நகராது.