பொம்மை வீட்டு மேசையும் கம்பளமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீங்கள் செய்த குட்டி நாற்காலியைப் படம் எடுங்கள். பக்கத்தில் விரலோ நாணயமோ தெரியக் கூடாது. அந்தப் படத்தைப் பார்ப்பவர் "எந்தக் கடையில் வாங்கியது?" என்று கேட்டால் வேலை நன்றாக வந்திருக்கிறது. "பொம்மை அழகா இருக்கே" என்று சொன்னால் எங்கேயோ அளவு பிசகியிருக்கிறது. நீளத்தையும் உயரத்தையும் எல்லோரும் சரியாகவே சுருக்கிவிடுகிறோம். பலகையின் தடிமன், மரத்தின் ரேகை, துணியில் இருக்கும் பூ, நூலின் பருமன், வார்னிஷின் பளபளப்பு ஆகியவற்றையும் அதே விகிதத்தில் சுருக்க வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. இந்தக் கலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

உலகம் முழுவதும் அதிகம் புழங்கும் விகிதம் 1:12. நிஜத்தில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலம். 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து ராணி மேரிக்காக எட்வின் லட்யென்ஸ் வடிவமைத்த பொம்மை வீடும் இதே அளவில்தான் கட்டப்பட்டது. புது டெல்லியை வடிவமைத்த அதே லட்யென்ஸ்தான். அந்த வீடு இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள, தார்ன் அறைகள் எனப்படும் 68 குட்டி அறை மாதிரிகளும் 1:12 தான். நம் ஊரில் தச்சர்கள் இன்னும் அடி, இஞ்ச் கணக்கில்தான் பேசுகிறார்கள் என்பதால் நமக்கும் இது எளிது. உட்காரும் பலகை 18 அங்குல உயரம் என்றால் ஒன்றரை அங்குலம். 30 அங்குலச் சாப்பாட்டு மேசை இரண்டரை அங்குலம்.

முதல் பிசகு, ஒரே அறைக்குள் இரண்டு விகிதங்களைக் கலப்பது. பார்பி பொம்மை ஏறக்குறைய 1:6. அதற்கான கட்டிலை 1:12 அறையில் போட்டால் அது ராட்சதர் படுக்கும் கட்டில். சொப்புச் சாமான்களோ எந்த ஒரே விகிதத்துக்கும் கட்டுப்படாதவை. கொலுவில் எல்லாம் கலந்து இருப்பது அதற்கே உரிய அழகு, அங்கே யாரும் அளவு பார்ப்பதில்லை. நான்கு சுவர் வைத்து ஓர் அறை என்று காட்டும்போது கண் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. அதனால் வாங்குவதையோ செய்வதையோ தொடங்குமுன் விகிதத்தை முடிவு செய்யுங்கள். ஒரு அட்டையில் ஆறு அங்குல உயரத்துக்கு மனித உருவம் ஒன்றை வெட்டி மேசை மேல் நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஆறடி ஆள். ஒவ்வொரு பொருளையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

மரத்தில்

மிச்சமிருக்கும் 6 மி.மீ. ஒட்டுப்பலகையில் மேசை மேல்பலகை வெட்டுவது வழக்கமாக நடப்பது. அதை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். 72 மி.மீ., கிட்டத்தட்ட மூன்று அங்குலம். கசாப்புக் கடைக் கட்டைக்குத்தான் அந்தத் தடிமன். வீட்டு மேசையின் பலகை முக்கால் அங்குலம் இருந்தால் நமக்கு வேண்டியது ஒன்றரை மி.மீ. சற்று மேல். அத்தனை மெல்லிய பலகை கிடைக்காவிட்டால், ஓரங்களை அடிப்பக்கமாகச் சரித்துத் தேய்த்துவிடுங்கள். கண் விளிம்பைத்தான் பார்க்கிறது.

நல்ல மரம் என்றாலே தேக்கு என்று நமக்கு மனத்தில் பதிந்திருக்கிறது. குட்டி அறைகலனுக்குத் தேக்கு ஒத்துவராது. அதன் நுண்துளைகளும் ரேகைகளும் பெரியவை; நான்கு அங்குலக் கட்டிலில் அவை வாய்க்கால் வெட்டியதுபோல் தெரியும். சன்னப்பட்டணத்துப் பொம்மைகள் வெப்பாலை மரத்தில் கடையப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வெளுப்பு நிறம், நெருங்கிய இழை, உளி சொன்னபடி கேட்கும். மஞ்சக்கடம்பும் நன்றாக வரும். செட்டிநாட்டுத் தேக்கு ஊஞ்சல் வேண்டுமா? வெப்பாலையில் செய்து தேக்கு நிறம் பூசுங்கள். நிஜத் தேக்கைவிட அதுதான் தேக்குபோல் இருக்கும்.

நிறம் பூசுவதை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வெள்ளைப் பசை பட்ட இடத்தில் மரம் நிறத்தைக் குடிக்காது. ஒவ்வொரு மூட்டிலும் வெளிறிய திட்டு நிற்கும். அதை மறைக்க மேலே வார்னிஷைக் குழைத்துப் பூசினால் இன்னொரு தொல்லை. மூலைகளில் தேங்கி, பாகில் முக்கி எடுத்ததுபோல் ஆகிவிடும். 400 எண் உப்புத்தாளால் ரேகை போகும் திசையில் தேய்த்து, மெழுகு பாலிஷ் லேசாகத் தடவினால் போதும். சூப்பர் க்ளூவைக் கண்ணாடிக்கும் கருநிற மரத்துக்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி படிந்து வெண்புகை பூத்துவிடும்.

துணியில்

இங்கேதான் நிறையப் பேர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். ஏழு அங்குலத் திரையைத் தைத்து மாட்டினால் அது தொங்காது, பாவாடைபோல் விரிந்து நிற்கும். தையல் சரியில்லை என்று நினைத்து மறுபடி தைப்பார்கள். பிழை தையலில் இல்லை. அளவைச் சுருக்கினோம், துணியின் விறைப்பு அப்படியே இருக்கிறது, அதை வளைத்துக் கீழே இழுக்கும் எடையோ போய்விட்டது. எனவே மடிப்பை நாமே உண்டாக்கி நிலைநிறுத்த வேண்டும். மிக மெல்லிய மல் துணி, பலமுறை துவைத்த பழைய வேட்டி, மெல்லிய பட்டு ஆகியவை ஏற்றவை. தெர்மோகோல் பலகை மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஈரத்துணியைக் குண்டூசிகளால் மடிப்பு மடிப்பாகக் குத்தி, நீர்த்த வெள்ளைப் பசையைத் தெளித்துக் காயவிடுங்கள். மறுநாள் எடுத்தால் நிஜத் திரைபோலவே மடிந்து விழும். கஞ்சி போடும் பழக்கத்தில் அரிசிக் கஞ்சியை எடுத்துவிடாதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

விளிம்பை இரண்டு முறை மடித்துத் தைப்பதும் வேண்டாம். மூன்றடுக்குத் துணி இங்கே கயிறுபோல் புடைக்கும். தையல் இயந்திரத்தின் இரண்டரை மி.மீ. தையல் இந்த வீட்டில் 30 மி.மீ. நீளம். வெட்ட வேண்டிய கோட்டில் பசை தடவி, காய்ந்தபின் வெட்டுவதே சுத்தம். மூன்று செ.மீ. பூப்போட்ட துணி இங்கே ஓர் அடியைவிடச் சற்றே பெரிய பூ. ஒரு அங்குல ஜரிகைக் கரை ஓர் அடிக் கரை; கட்டில் விரிப்புக்கு அதைவிட மெல்லிய கரை தேடுங்கள்.

ஊசி வேலையில்

கம்பளம் தொடங்குமுன் பெருக்கல் செய்து பாருங்கள். 6-க்கு 9 அடிக் கம்பளம் 6-க்கு 9 அங்குலம் ஆகிறது. அங்குலத்துக்கு 18 கண் உள்ள கேன்வாஸில் 17,496 தையல்கள். 40 கண் உள்ள பட்டு வலையில் 86,400. நுணுக்கத்தில் ஆசைப்பட்டு முதல் வேலைக்கே பட்டு வலையில் கம்பளம் தொடங்குபவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வாசல் மிதியடியில் ஆரம்பிக்கலாம். 18 கண்ணில் 2-க்கு 3 அங்குலம் என்றால் 1,944 தையல்கள்தான். கை பழகியதும் 40 கண்ணில் ஒன்றேகால் அங்குலத் தலையணைக்குப் போகலாம், அது 2,500.

எம்ப்ராய்டரி நூல் ஆறு இழை. பட்டு வலைக்கு ஒற்றை இழை மட்டும். முழு கிராஸ் தையலும் இங்கே தடித்துவிடும், அதில் ஒரு சாய்வுக் கோட்டை மட்டும் போடும் அரைத் தையலே போதும். ஆனால் அரைத் தையலை வரிவரியாகப் போட்டுக்கொண்டே போனால் துணி ஒரு பக்கம் இழுபட்டுச் சாய்சதுரமாகிவிடும். பின்னணியை மூலைவாட்டில், படியிறங்குவதுபோல் நிரப்புங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிவைத்துத் தையுங்கள். பின்புறம் முடிச்சுப் போடாமல் நூல் முனையைத் தையல்களுக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். ஒரு முடிச்சு இருந்தாலும் கம்பளம் தரையில் படியாது. சிவப்பு, கருநீல நூல்களை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. கம்பளத்தை ஈரமாக்கி நேர்செய்யும் நாளில் சாயம் இறங்கினால் மாதக்கணக்கான உழைப்பு வீண், அதைப் பார்க்கும் வேதனை பெரிது.

பின்னல் போர்வைக்கும் இதே நியாயம்தான். சாதாரணக் கம்பளி நூலில் பின்னினால் தாம்புக்கயிற்றில் பின்னியதுபோல் இருக்கும். தையல் நூலும் ஒரு மி.மீ. ஊசியும் வேண்டும். பகல் வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் செய்யுங்கள். கண் கூசத் தொடங்கினால் எடுத்து வைத்துவிடுங்கள்.

செய்து முடித்ததை வெயில் படும் இடத்தில் வைத்தால் பட்டு நூலின் நிறம் போய்விடும். பரணில் வைப்பதானால் நாப்தலீன் உருண்டைகளை உள்ளே போடாதீர்கள், தெர்மோகோலையும் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் அவை இளக்கிவிடும். கம்பளங்களை மடிக்காமல், தையல் பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு குழலில் சுருட்டி, மேலே வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விரிக்கலாம்.